கேம் ஆஃப் த்ரோன்ஸ்: நாவல் தீர்ந்ததும் தடுமாறும் தொடர்

(கதை முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் தவிர்க்கவும்.)

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையை வைத்து எடுத்த தொடர் இது: 8 சீசன், 73 எபிசோட். முதல் நான்கு சீசன்களைத் தயங்காமல் பார்க்கலாம். மூன்றாவது நாவலை இரண்டு சீசன்களுக்குப் பிரித்ததால் ஒவ்வொரு துரோகமும் ஊறி, கனிந்து, பிறகுதான் வெடிக்கிறது. ஐந்தாவது நாவல் 2011-ல் வந்தது. தொடர் முடிந்த 2019 வரை ஆறாவது வரவில்லை; அதனால் கடைசிப் பகுதிக்குக் கைபிடிக்க நாவல் இல்லை. கடைசி இரண்டு சீசன்கள் 7, 6 எபிசோடாகச் சுருங்கின. அரியணைக்குப் போராடும் டிராகன் அரசி டெனேரிஸ் தலைநகரை எரிப்பதை நான் ஏற்கிறேன். ஆனால் நகரம் சரணடைந்ததாக மணி அடிக்கிறது, முகம் இறுகுகிறது, டிராகன் பாய்கிறது. அந்த மனமாற்றத்துக்கு இரண்டு எபிசோடாவது வேண்டும். நாவலில் செத்துப் பிழைத்துவரும் கேட்லின் பாத்திரத்தின் அந்தக் கதையைத் தொடரில் விட்டுவிட்டதும் பெரிய இழப்பு.

நாவல்களைப் படிப்பவர்களுக்கு: நான்காவது நாவலில் முக்கியப் பாத்திரங்களான டிரியன், ஜான், டெனேரிஸ் பகுதிகள் இருக்காது. அதே காலத்து அவர்கள் கதை ஐந்தாவதில் வரும்.

எட்டாம் சீசன் மூன்றாவது எபிசோடுக்கு அறை விளக்கை அணைத்துவிடுங்கள். படம் அத்தனை இருட்டு.