விழுந்தவரிடம் யார் எப்படிப் பேசுகிறார்கள்? தொண்ணூறுகளின் மூன்று பாடல்கள்

தொண்ணூறுகளின் மேற்கத்தியப் பாடல்களில் சோர்ந்த மனத்தைத் தூக்கிவிடுவது எது என்று கேட்டால், எனக்கு உடனே நினைவுக்கு வருபவை மூன்று: டிரீம் குழுவின் ‘திங்ஸ் கேன் ஒன்லி கெட் பெட்டர்’, சம்பாவம்பாவின் ‘டப்தம்பிங்’, நியூ ரேடிக்கல்ஸின் ‘யூ கெட் வாட் யூ கிவ்’. ஊக்கம் தரும் பாடல்கள் என்று மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. துள்ளல் மூன்றிலும் உண்டு. விழுந்து கிடப்பவரிடம் அவை பேசுகிற பேச்சுதான் வேறு வேறு.

முதலில் டிரீம். வட அயர்லாந்தின் டெர்ரி நகரைச் சேர்ந்த பீட்டர் கன்னா பாடியது. 1993இல் வந்தபோது பெரிதாக எடுபடவில்லை. 1994இல் மறுபடி வெளியிட்டதும் பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. தேவாலயச் சேர்ந்திசை போல நிதானமாகத் தொடங்கி, ஹவுஸ் என்னும் நடன இசைக்குரிய தாளம் புகுந்ததும் ஆளை எழுப்பி ஆட வைத்துவிடும். (மேடையில் இக்குழுவுக்குக் கீபோர்டு வாசித்த பிரையன் காக்ஸ்தான் பின்னாளில் புகழ்பெற்ற இயற்பியல் பேராசிரியர்.) 1997 பிரிட்டன் தேர்தலில் தொழிற்கட்சி இதைப் பிரச்சாரப் பாட்டாக எடுத்துக்கொண்டது. வரிகளைக் கூர்ந்து கேட்டால் காரணம் விளங்கும். இனி நல்லதே நடக்கும், உன்னைக் கண்டுகொண்டேன் அல்லவா என்கிறது பாட்டு. அந்த ‘உன்னை’ காதலியாகவும் இருக்கலாம், கட்சித் தலைவராகவும் இருக்கலாம். நம்பிக்கை முழுவதையும் இன்னொருவர் தோளில் ஏற்றி வைத்தால், அவர் விலகும்போது அதுவும் சரிந்துவிடும். குழுவுக்கே அது நேர்ந்தது. தொழிற்கட்சி ஆட்சி பிரிட்டனை இறக்கிவிட்ட இராக் போரின் கசப்பு மாறாத அவர்கள், 2024 தேர்தல் வந்தபோது பாட்டை மறுபடி அரசியலுக்குத் தர விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

1997இல் தொழிற்கட்சி வென்று ஒன்பது மாதம் கழித்து, 1998 பிப்ரவரியில் பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருது விழா. துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் மீது ஐஸ் தண்ணீரைக் கொட்டினார் சம்பாவம்பாவின் டான்பர்ட் நோபேகன். வேலையிழந்த லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களைப் புதிய ஆட்சியும் கைவிட்டது என்பது அவர்கள் கோபம். 1982இல் உருவாகி, லீட்ஸ் நகரில் ஒன்றாக வாழ்ந்து, அரசே வேண்டாம் என்னும் கொள்கையைப் பாடிவந்த குழு அது. பதினைந்து வருடம் கழித்துத்தான் ‘டப்தம்பிங்’ வந்தது. பிரிட்டனில் இரண்டாம் இடம், அமெரிக்காவில் ஆறாம் இடம்.

பாட்டின் அமைப்பே தனி. சரணம் வரும்வரை காத்திருக்காமல் பல்லவி முதலிலேயே பாய்ந்துவிடுகிறது: தள்ளிவிட்டார்கள், எழுந்துவிட்டேன். இரண்டும் ஒரே மூச்சில். எழுந்தபின் இனி விழமாட்டேன் என்ற சபதம் எங்கும் இல்லை. அடுத்த தடவையும் விழுவேன், எழுவேன், அவ்வளவுதான். பாடுவது ஒற்றைக் குரலும் அல்ல; மதுக்கடையில் தோளோடு தோள் சேர்த்து நிற்கும் கூட்டத்தின் கத்தல். நடுவே விஸ்கி, வோட்கா என்று நீளும் குடிவகைப் பட்டியல், அதற்கு மேல் மெல்லிய பெண்குரல், பிறகு டிரம்பெட். குடித்துவிட்டு நள்ளிரவில் பாடிக்கொண்டே வந்து, கதவில் சாவியை நுழைக்கத் திண்டாடிய பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பிறந்த பாட்டு என்று கிட்டார் கலைஞர் பாஃப் வாலி சொல்லியிருக்கிறார். இதைக் குடிகாரர் பாட்டு என்று ஒதுக்குபவர்கள் ஆல்பத்தில் உள்ள முழு வடிவத்தைக் கேட்க வேண்டும். சுரங்கம் மூடப்படும் ஊரைப் பற்றிய 1996ஆம் ஆண்டுப் படமான ‘பிராஸ்டு ஆஃப்’பில் நடிகர் பீட் போசல்த்வெயிட் பேசும் வசனத்தோடு அது தொடங்குகிறது. வானொலியில் அந்தப் பகுதி பெரும்பாலும் கிடையாது.

நியூ ரேடிக்கல்ஸ் என்றால் கிரெக் அலெக்சாண்டர்தான். 1998 இறுதியில் இந்தப் பாட்டு. 1999 ஜூலையில், ஒரே ஆல்பத்தோடு, குழுவையே கலைத்துவிட்டார். மூன்றில் குரல் மிக உயரத்துக்கு ஏறுவதும், மெட்டு மிக அழகாக இருப்பதும் இதில்தான். கைவிடாதே, இசை உனக்குள்ளேயே இருக்கிறது என்று இளைஞர்களிடம் சொல்லிவிட்டு, இறுதிப் பகுதியில் மருத்துவக் காப்பீடு, வங்கிகள் என்று ஏமாற்றுபவர்களைச் சுட்டுகிறது. கூடவே நான்கு இசைப் பிரபலங்களையும் வம்புக்கு இழுத்தது. பத்திரிகைகள் அந்த வம்பைப் பிடித்துக்கொண்டு காப்பீட்டை விட்டுவிட்டன. எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம் இது. ஜோ பைடனின் மகன் போ பைடன், மூளைப் புற்றுநோயோடு போராடிய நாட்களில் அந்தக் குடும்பம் பற்றிக்கொண்ட பாட்டும் இதுவே. அதற்காக 2021 ஜனவரி 20 அன்று, ஜோ பைடன் அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற நாளில், கலைந்த குழு மீண்டும் கூடி வாசித்தது.

பாடகி டெஸ்ரேயின் ‘யூ காட்டா பீ’யை இந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. துணிவாயிரு, உறுதியாயிரு என்னும் அறிவுரை நேர்காணலுக்குக் கிளம்புபவருக்குப் பொருந்தும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்குச் சுமைதான். ஆர்.ஈ.எம். குழுவின் ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ வேறு இனம். அது எழச் சொல்வதே இல்லை, கூட உட்கார்ந்திருக்கிறது.

வேலை போனவருக்கு, தேர்வில் தோற்றவருக்கு, வழக்கில் அலைக்கழிந்தவருக்கு நான் தயங்காமல் ‘டப்தம்பிங்’கைத்தான் கொடுப்பேன். விழுந்ததை மறைக்காமல், மன்னிப்பும் கேட்காமல் எழச் சொல்லும் பாட்டு இம்மூன்றில் அது ஒன்றே. கொண்டாட்ட இரவுக்கு டிரீம் போதும், அதில் குறையில்லை. உலகம் தனக்கு எதிராக நிற்கிறது என்று நினைக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு மட்டும் நியூ ரேடிக்கல்ஸ். ஐந்து நிமிடத்தையும் கேட்கட்டும், காப்பீடு வரும் கடைசிப் பகுதி உட்பட.