இலை அரைக்கிற மெஷின் அப்பார்ட்மெண்டுக்கு தேவையா? யூஸ் பண்ணிப் பார்த்த ரிவ்யூ

எங்க அசோசியேஷன்ல போன வருஷம் கார்டன் ஷ்ரெட்டர் ஒண்ணு வாங்கினோம், 3 எச்பி, சிங்கிள் ஃபேஸ், கோயம்புத்தூர் மேக். பக்கத்து காம்ப்ளக்ஸ்காரங்க எல்லாம் எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் போட முடியல, அதான் மொத்தமா எழுதிடுறேன். பிராண்ட் பேரு போடல, ஏன்னா கிட்டத்தட்ட இதே டிசைனை கலரையும் ஸ்டிக்கரையும் மாத்தி பல பேர் விக்கிறாங்க, பேரை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. மெஷினுக்கு என் மார்க் அஞ்சுக்கு மூணு. அது கூடவே இலையை மக்க வைக்க வாங்கின கம்பி வலைக் கூண்டுக்கு நாலரை.

நாங்க இருக்கிறது சென்னை வேளச்சேரி பக்கம், பழைய காம்ப்ளக்ஸ், அதனால மரம் ஜாஸ்தி. தென்னை, ரெண்டு வாதாம், காம்பவுண்ட் ஓரமா வரிசையா புங்கை, பின்பக்கம் ஒரு பெரிய வேம்பு. தை பொறந்தா வாதாம் இலை சிவப்பு சிவப்பா கொட்ட ஆரம்பிக்கும், அது ஓயறதுக்குள்ள வேம்பு, புங்கைன்னு பங்குனி வரைக்கும் கூட்டி முடியாது. முன்னாடியெல்லாம் மூலையில குவிச்சு கொளுத்திடுவாங்க, ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல வீசிங் இருக்கிற பாட்டி ஜன்னலை சாத்திட்டு உக்காந்திருப்பாங்க. சண்டை போட்டு அதை நிறுத்தினப்புறம் ஒரு டிராக்டர்காரர் லோடுக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிட்டு எடுத்துட்டுப் போவாரு, எங்க கொட்டுறாருன்னு யாரும் கேட்டுக்கல. 2022 ஏப்ரல்ல பெருங்குடி குப்பைக்கிடங்கு எரிஞ்சப்ப இந்த ஏரியா முழுக்க புகை, வீட்டுக்குள்ள உக்கார முடியல, அதுக்கப்புறம்தான் மீட்டிங்ல இந்தப் பேச்சையே சீரியஸா எடுத்தாங்க.

விக்க வந்தவர் முதல்ல எடுத்து விட்டது சட்டத்தைத்தான். "சார், ரூல் இருக்கு, மெஷின் கம்பல்சரி"ன்னாரு. ரூல் இருக்கிறது உண்மை, 2016 திடக்கழிவு மேலாண்மை விதியிலயே தோட்டக் கழிவை எரிக்கக் கூடாது, தெருவுல போடக் கூடாது, தனியா பிரிச்சு நம்ம வளாகத்துக்குள்ளயே வச்சுக்கணும்னு இருந்துச்சு, 5000 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற கேட்டட் கம்யூனிட்டி மக்கும் குப்பையை முடிஞ்ச வரைக்கும் உள்ளேயே உரமாக்கணும்னும் இருந்துச்சு, 2026 ஏப்ரல்ல இருந்து அதுக்கு பதிலா புது விதி வந்திருக்கு. ஆனா மெஷின் வாங்கித்தான் பண்ணணும்னு 2016 விதியில எங்கயும் இல்ல. யாராவது அப்படி சொல்லி பயமுறுத்தினா காதுல வாங்காதீங்க.

சரி மெஷினுக்கு வர்றேன். காஞ்ச இலைன்னா சூப்பர், அதுல குறையே சொல்ல மாட்டேன். புங்கை சருகை மூட்டை மூட்டையா மேல கொட்டினா கீழ அவல் மாதிரி விழுது, எட்டு சாக்கு இலை ஒண்ணு ஒண்ணரை சாக்குல அடங்கிடும், இடம் இல்லாத அப்பார்ட்மெண்டுக்கு அது பெரிய விஷயம். கரண்ட்டும் பயந்த அளவுக்கு இல்ல, ஃபுல் லோடுல மணிக்கு ரெண்டரை யூனிட் கிட்ட இழுக்குது, தினம் ஓட்டப் போறதும் இல்ல.

பிரச்சினை ஈர இலையில. மழை பெஞ்ச மறுநாள் போட்டா கீழ இருக்கிற சல்லடை களிமண் பூசினாப்ல அடைச்சுக்குது, மோட்டர் உறுமுது, பிளக்கை பிடுங்கிட்டு நாலு போல்ட்டை கழட்டி குச்சியால சுரண்டி எடுக்கணும், ரிவர்ஸ் சுவிட்ச் கிடையாது. சென்னையில இலை கொட்டுற சீசன்ல மழை கம்மிங்கிறதால தப்பிச்சோம். ஐப்பசி கார்த்திகையில மெஷின் தார்ப்பாய்க்குள்ள தூங்குது.

அடுத்தது தென்னை மட்டை. பிரோஷர்ல மட்டை, பாளை, குரும்பை எல்லாம் போடலாம்னு கலர் போட்டோ இருந்துச்சு. போட்டுப் பாருங்க, ஓலையில இருக்கிற நார் அப்படியே ஷாஃப்ட்ல சுத்திக்கும், கயிறு திரிக்கிற வேலையை அது பாட்டுக்கு பண்ணும். அடிமட்டை வாய்க்குள்ளயே நுழையாது. கிளையும் ரெண்டு இன்ச் வரைக்கும்னு போட்டிருக்கு, நிஜத்துல கட்டைவிரல் தடிமன்தான், அதுவும் பச்சையா இருந்தா. எங்க தோட்டக்காரர் ஒரு நாள் பார்த்துட்டு, "சார், இதுக்கு தோதா நான் மட்டையை அரிவாளால துண்டு துண்டா நறுக்கிக் கொடுக்கணும்னா மெஷின் எதுக்கு, நானே மெஷின்தானே"ன்னாரு, சிரிச்சுட்டாலும் அதுக்கு பதில் இல்ல. இப்ப ஓலையை ஹவுஸ்கீப்பிங் அக்கா எடுத்துக்கிறாங்க, மத்தியானம் உக்காந்து ஈர்க்கு சீவி விளக்குமாறு கட்டி விக்கிறாங்க, மட்டையை அவங்க தெருவுல வெந்நீர் அடுப்பு வச்சிருக்கிறவங்க கொண்டு போயிடுறாங்க. மெஷினை விட இது பெட்டர் ரீசைக்ளிங்னு நான் சொல்லுவேன்.

சத்தம் ஜாஸ்தி, மிக்ஸி சத்தம்னு சொன்னாங்க, மாவு மில் சத்தம் வருது. நாங்க ஓட்டுறது வாரநாள்ல காலை பதினொரு மணிக்கு மேலதான். தூசியும் பறக்கும், வேப்பிலை சருகு அரைக்கிறப்ப மாஸ்க், கண்ணாடி இல்லாம நிக்கவே கூடாது. ஓட்டுறவங்க தோள்ல துண்டு, துப்பட்டா, தொங்குற லுங்கி எதுவும் கூடாது, இதுல மட்டும் விளையாட்டு வேணாம்.

சர்வீஸ் பத்தி பெருசா எதிர்பார்க்காதீங்க. பிளேடு மழுங்கி கம்ப்ளைண்ட் பண்ணினா "அடுத்த வாரம் சென்னை ரூட் வருது சார்"னு சொல்லிட்டே இருந்தாங்க, ரூட்டும் வரல ஆளும் வரல. கடைசியில பக்கத்து லேத் பட்டறையில சாணை பிடிச்சு வாங்கினோம், நல்லாவே வெட்டுது. உரமாக மாத்துறதுக்குன்னு மெஷின் கூட ஒரு பவுடர் பாக்கெட்டும் தலையில கட்டினாங்க, அது தீர்ந்தப்புறம் திரும்ப வாங்கவே இல்ல. மாட்டுச்சாணம் கரைச்சு ஊத்தினா போதும், புளிச்ச மோர் இருந்தா அதையும் சேத்துக்கலாம். ரொம்ப ஸ்பீடா வேணும்னா தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட பயோமினரலைசர்னு ஒரு நுண்ணுயிர்க் கலவை இருக்கு, ஒரு டன் கழிவுக்கு ரெண்டு கிலோங்கிறது அவங்க சொல்ற அளவு.

இப்ப கூண்டு. வெல்டட் மெஷ்ஷை வட்டமா வளைச்சு கம்பியால கட்டினது, மூணடி அகலம் நாலடி உயரம், உள்பக்கம் பச்சை நிழல் வலை, அவ்வளவுதான். சருகுல கார்பன் ரொம்ப ஜாஸ்தி, நைட்ரஜன் கம்மி, அதனால சருகை மட்டும் போட்டு வச்சா மாசக்கணக்குல சும்மா கிடக்கும். கார்பன் நைட்ரஜன் விகிதம் 30க்கு 1 கிட்ட வரணும்னா பச்சைப்புல், காய்கறித் தோல், சாணி ஏதாவது லேயரா போடணும். கையில அள்ளி பிழிஞ்சா விரல் இடுக்குல லேசா ஈரம் தெரியணும், தண்ணி சொட்டக் கூடாது. நடுவுல ஒரு இரும்புக் கம்பியை சொருகி வச்சு கொஞ்ச நேரம் கழிச்சு உருவிப் பாருங்க, பிடிக்க முடியாத சூடா இருந்தா உள்ள வேலை நடக்குது. அரைச்ச இலைன்னா மூணு மாசத்துக்குள்ள உரம், அரைக்காத வாதாம் இலை அரை வருஷம் கழிச்சும் நரம்பு நரம்பா நிக்கும், ஆனா அதுவும் மக்கத்தான் செய்யுது, அவசரம் நமக்குத்தான்.

தென்னை இருக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும், யூட்யூப்ல ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. மக்கின குப்பையிலதான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். கிளறினா கட்டைவிரல் மொத்தத்துக்கு வெள்ளையா சுருண்டு கிடக்கும் பாருங்க, அந்தப் புழு பெருசாகி வண்டானா நேரா போய் உங்க தென்னங்குருத்தைத்தான் குடையும். கிளறுறப்ப எல்லாம் பொறுக்கி எடுத்திடணும், வலை மூடி போடணும், ஜாஸ்தியா இருந்தா மெட்டாரைசியம்னு ஒரு பூஞ்சாணம் உயிர் உரக் கடையில கிடைக்கும், அதைக் கலந்து விடலாம்.

இன்னொண்ணு, எல்லா இலையையும் உரமாக்கணும்னு அவசியமே இல்ல. அரைச்சதுல பாதியை நேரா செடி அடியில மண்ணை மூடுற மூடாக்கா போட்டுடுறோம், நாலு விரல்கட கனத்துக்கு, தண்டை ஒட்டாம. சித்திரை வெயில்ல தண்ணி விடுறது நல்லாவே குறைஞ்சிருக்கு. குப்பை மாதிரி இருக்கு, பூரான் வரும்னு ரெண்டு பேர் குரூப்ல போட்டுட்டே இருக்காங்க, போடட்டும்.

வாங்கலாமான்னு கேட்டா, இடம் இருக்கிறவங்க முதல்ல ரெண்டு மூணு கூண்டு வச்சு ஒரு சீசன் ஓட்டுங்க, பாதிப் பேருக்கு மெஷினே தேவைப்படாது. இடம் இல்ல, இலை மலையா குவியுதுன்னா நாலு காம்ப்ளக்ஸ் சேர்ந்து ஒண்ணு வாங்குங்க, எங்களது வாரத்துல பாதி நாள் சும்மாதான் நிக்குது. டெமோவுக்கு அவங்க கொண்டு வர்ற மொறுமொறு சருகைப் பார்த்து ஏமாறாதீங்க, உங்க மரத்து மட்டை ஒண்ணு, முந்தின நாள் ராத்திரியே நனைச்சு வச்ச இலை ஒரு சாக்கு, ரெண்டையும் கொடுத்து அவரையே போடச் சொல்லுங்க, அடைச்சுக்கிட்டா அவரே கழட்டட்டும், எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பார்த்துட்டு அட்வான்ஸ் பத்திப் பேசுங்க.