கண்டிப்பான வீட்டில் ஓராண்டு: கிளிநொச்சித் தங்குமிடம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் ஒன்றை அண்டிய வீட்டில், ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் சொல்வழி கேளாத பதின்ம வயதுப் பையன்கள் சிலரைத் தங்கவைத்து, அருகிலுள்ள அரசாங்கப் பாடசாலைக்கு அனுப்பிப் படிப்பிக்கிறார்கள். பெயர்ப்பலகையோ விளம்பரமோ கிடையாது. ஒருவர் சொல்லித்தான் மற்றவர் வருகிறார். பாடசாலைக்குப் போவதாகப் புறப்பட்டு வேறெங்கோ பொழுதைப் போக்குவதும், விடியும்வரை கைத்தொலைபேசியோடு கிடப்பதும், ஏனென்று கேட்டால் கதவை அடித்துச் சாத்துவதுமாக இருந்த என் தங்கையின் மகனை, சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டில் கொழும்பிலிருந்து கொண்டுவந்து அங்கே விட்டோம்.

வீட்டின் விதிகள் கடுமையானவை. கைத்தொலைபேசி ஞாயிறு பின்னேரம் மட்டுமே கையில் கிடைக்கும். விடிவதற்கு முன் எழும்ப வேண்டும். சாப்பிட்ட கோப்பையை அவரவரே கழுவ வேண்டும். எனக்குப் பிடித்தது, இவை பெரியவர்களுக்கும் பொருந்தும் என்பதுதான். மாஸ்ரரின் தொலைபேசியும் அதே அலுமாரிக்குள்தான் இருக்கிறது.

பையனை மாற்றியதில் பெரும்பங்கு வயலுக்குரியது என்றே நினைக்கிறேன். மழை குறைந்த காலத்துப் பயிர்ச்செய்கையான சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லாக் காணிக்கும் போதாது. முறை வைத்துத்தான் விடுவார்கள், அந்த முறை நடுச்சாமத்திலும் வரும். ஒருநாள் இரவு நான் அங்கே தங்கியிருந்தபோது, மாஸ்ரர் ரோச் லைற்றும் மண்வெட்டியுமாக வந்து, “தம்பி, தண்ணி எங்களுக்காகக் காத்திராது, எழும்பு” என்று ஒரே தரம் சொல்லிவிட்டு முற்றத்தில் இறங்கிவிட்டார். முணுமுணுத்தபடியே பின்னால் போனவன், முழங்காலளவு சேற்றோடு திரும்பிவந்து, மேட்டுப்பக்கத் தறைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று அவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தான். எதைப்பற்றியும் அக்கறைப்படாத பிள்ளை என்று நாங்கள் முடிவுகட்டி வைத்திருந்தவன் அவன்.

அடிப்பார்களா என்று பலர் கேட்கிறார்கள். அடிப்பதில்லை. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2016 இல் சுற்றறிக்கை வெளியிட்ட பின்னரும், அடியாத மாடு படியாது என்ற பேச்சு எங்கள் ஊர்களில் ஓயவில்லை. ஆனால் இந்த வீட்டில் தவறுக்குத் தண்டனை, கூடுதல் வேலையும் அடுத்த ஞாயிறு தொலைபேசி இல்லாமற் போவதும்தான். அமெரிக்க உளவியலாளர் டயானா போம்ரின்ட் 1960களிலேயே, அன்போடும் விளக்கத்தோடும் கூடிய கண்டிப்பையும் கீழ்ப்படிவை மட்டுமே எதிர்பார்க்கும் கண்டிப்பையும் வேறுபடுத்திக் காட்டினார். ரீச்சர் அதைப் படித்தாரோ இல்லையோ, பையன் கோபித்துச் சாப்பிடாமல் படுத்த இரவில் சோற்றை மூடிவைத்துவிட்டு, அவன் வந்து உண்ணும்வரை குசினியிலேயே இருந்திருக்கிறார்.

குறைகள் சிறியவை அல்ல. பெற்றோருக்கு ஒழுங்கான அறிக்கை எதுவும் வருவதில்லை. நாமாகத் தொலைபேசி எடுத்தால் “இருக்கிறான், சுகம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதைவிடப் பெரியது, வீடு திரும்புவதற்கான ஆயத்தம் அறவே இல்லாதது. பரீட்சை முடிந்து கொழும்புக்குப் போனவன் சில வாரங்களிலேயே மீண்டும் விடியும்வரை தொலைபேசியோடு இருந்தான். தங்கையும் கணவரும் தங்கள் தொலைபேசிகளையும் இரவில் அலுமாரிக்குள் வைக்கத் தொடங்கிய பிறகுதான் அது ஓரளவு அடங்கியது. இந்த ஆலோசனையைப் பையனை அனுப்பும்போதே அந்த வீட்டார் சொல்லியிருக்கலாம்.

ஐஸ் போன்ற போதைப்பொருளுக்கு அடிமைப்பட்ட பிள்ளைகளை அவர்கள் ஏற்பதில்லை. முதலில் வைத்தியசாலையில் காட்டச் சொல்கிறார்கள், அது சரியான முடிவு. உறவினர் அல்லாதவர் வீட்டில் பிள்ளையை விடுவதென்றால், பாடசாலை விடுகைப் பத்திரத்தோடு மட்டும் நிற்காமல், கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் தெரியப்படுத்திவிடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைப் பிள்ளையும் அறிந்திருக்கட்டும். மாதக் கட்டணம் நகரத்துப் போடிங்கைவிடச் சற்று அதிகம், ஆனால் சாப்பாட்டுக்கும் மாலை வகுப்புக்கும் தனியாக வாங்குவதில்லை. பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை. சேர்ப்பதற்கு முன் பையனையும் கூட்டிக்கொண்டு ஒருதரம் நேரில் போகவேண்டும். அவன் சம்மதிக்காவிட்டால் மாஸ்ரர் எடுக்கமாட்டார்.