சில்கூட்டா, ஒயிட் பாஸா? கிளாண்டைக் தங்கத்துக்குப் போன இரண்டு பாதைகள்

1896 ஆகஸ்ட் 16 அன்று கனடாவின் யூகான் பகுதியில், கிளாண்டைக் ஆற்றில் கலக்கும் ராபிட் கிரீக் என்ற சின்ன ஓடையில் தங்கம் கிடைத்தது. செய்தி வெளியே வர ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. 1897 ஜூலையில் தங்கத்தோடு இரண்டு கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் வந்து சேர்ந்ததும், சுமார் ஒரு லட்சம் பேர் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். தங்க ஓடைகளுக்குப் பக்கத்தில் இருந்த டாசன் நகரம் வரை போய்ச் சேர்ந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. ஏன் என்று புரிய, அவர்கள் போன வழியைப் பார்த்தால் போதும்.

காசு உள்ளவர்கள் யூகான் ஆற்றின் முகத்துவாரம் வரை கப்பலில் சுற்றிப்போய், அங்கிருந்து நீராவிப் படகில் ஆற்றை எதிர்த்துப் போனார்கள். நடுவில் ஆறு உறைந்துவிட்டால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். எட்மண்டனிலிருந்து தரைவழியாகப் போனவர்களில் சிலருக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆயின. இவற்றை ஒதுக்கிவிடலாம். சாதாரண ஆளுக்கு முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான்: அலாஸ்கா கரையில் டையீ என்ற ஊரில் இறங்கிச் சில்கூட் கணவாய் ஏறுவதா, பக்கத்திலேயே ஸ்காக்வேயில் இறங்கி ஒயிட் பாஸ் என்ற இன்னொரு கணவாய் வழியாகப் போவதா? எப்படிப் போனாலும் சேருமிடம் பென்னட் ஏரிதான். அங்கே மரம் அறுத்துப் படகு கட்டி, பனி உருகியதும் 800 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீரில் போக வேண்டும்.

கணக்குப் பார்த்தால் ஒயிட் பாஸ்தான் நல்லது என்று தோன்றும். அதன் உச்சி சுமார் 870 மீட்டர். சில்கூட்டின் உச்சி ஏறக்குறைய 1,070. ஒயிட் பாஸ் பாதை கொஞ்சம் நீளம், ஆனால் சரிவு குறைவு. முக்கியமாக, குதிரை போகும். சில்கூட்டின் கடைசி ஏற்றத்தில் குதிரை ஏறாது, மனிதன்தான் சுமக்க வேண்டும்.

அந்தச் சுமையும் லேசானதில்லை. ஓராண்டுக்கான சாப்பாடு கையில் இல்லாதவரைக் கனடா குதிரைப்படைப் போலீஸ் எல்லைக்குள் விடவில்லை. உணவு மட்டுமே 500 கிலோவுக்கு மேல். கூடாரம், ரம்பம், கடப்பாரை, ஆணி எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன். இதைக் கேட்ட எவருக்கும் குதிரைதான் முதலில் நினைவுக்கு வரும். அந்த நினைப்புதான் பலரைக் கவிழ்த்தது.

ஸ்காக்வேயிலிருந்து முதல் சில மைல் பாதை சமதளமாக, ஆளை வா வா என்று கூப்பிடும். அப்புறம் ஒரு குதிரை மட்டுமே போகக்கூடிய மலை விளிம்பு, கூரான பாறைகள், வயிறு வரை புதையும் சேறு. முன்னால் ஒரு குதிரை விழுந்தால் பின்னால் வருகிற வரிசை முழுக்க முதுகுச் சுமையோடு மணிக்கணக்கில் நிற்கும். இறக்கி வைக்க இடம் கிடையாது. வந்த குதிரைகளில் பல வண்டியிலும் வயலிலும் உழைத்துத் தேய்ந்தவை, சில சுமையே தூக்கிப் பழகாதவை. ஓட்டி வந்தவர்களிலும் பலருக்குக் குதிரையைத் தெரியாது. சேணம் உராய்ந்து முதுகு புண்ணாகி, தீனியில்லாமல், கால் முறிந்து அவை செத்தன. சுமார் 3,000 குதிரைகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. செத்த குதிரைப் பாதை என்றே அதற்குப் பெயர் விழுந்தது. அந்தக் காலத்துப் புகைப்படங்களில் பள்ளத்தில் குவிந்து கிடக்கும் உடல்களைப் பார்த்தால் மனம் ஆறவில்லை. தங்கத்தில் அவற்றுக்கு என்ன பங்கு?

சில்கூட் அப்படி ஏமாற்றவில்லை. அடிவாரத்தில் நின்றாலே கஷ்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்: வெள்ளைச் சுவர்போல ஒரு சரிவு, பனிக்கட்டியில் வெட்டிய சுமார் 1,500 படிகள், அதில் எறும்புச் சாரைபோல் மனிதர்கள். ஒரு நடைக்கு 25, 30 கிலோ. மூச்சு வாங்க ஓரமாக ஒதுங்கினால், திரும்ப வரிசையில் நுழைய இடைவெளி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். உச்சியில் மூட்டையைப் பனியில் போட்டு, அடையாளத்துக்கு ஒரு கம்பு நட்டு, பனியில் உட்கார்ந்தபடியே சறுக்கிக் கீழே வந்து அடுத்த மூட்டை. இப்படி முப்பது நாற்பது நடை. ஆனாலும் இன்று எத்தனை மூட்டை ஏறியது, இன்னும் எத்தனை பாக்கி என்று ஒருவருக்குத் தெரியும். முடியாதவர் மூட்டையை விற்றுவிட்டு ஊர் திரும்பலாம்.

கூலி கொடுக்க முடிந்தவர்களுக்கு அந்தக் கரையின் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்கள் சுமந்தார்கள். அது அவர்களுடைய வழி. மீன் எண்ணெய் சுமந்துபோய் உள்நாட்டு மக்களோடு பண்டமாற்று செய்த பழைய வணிகப் பாதை. ராபிட் கிரீக்கில் தங்கம் கண்டவர்களில் ஒருவரான கீஷ் என்ற டாகிஷ் இனத்தவரும் முன்பு இதே கணவாயில் சுமைகூலியாக இருந்தவர்தான். ஒரே நடையில் ஏறக்குறைய 70 கிலோ பன்றி இறைச்சியைத் தூக்கிக்கொண்டு ஏறியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இந்தப் பாதையை அறிந்தவர்கள் குதிரையை நம்பவில்லை என்பது எனக்குப் பெரிய சாட்சியாகப் படுகிறது.

ஆகவே 1897 குளிர்காலத்தில் நான் கரையில் இறங்கியிருந்தால் சில்கூட்டைத்தான் எடுத்திருப்பேன். ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. 1898 ஏப்ரல் 3 அன்று பனிச்சரிவு 60 பேருக்கு மேல் புதைத்தது. கனமான ஈரப்பனி விழுந்திருக்கிறது, ஏறாதீர்கள் என்று டிலிங்கிட் சுமைகாரர்கள் எச்சரித்தும் சிலர் கேட்கவில்லை.

1899-க்குப் பிறகு கேட்டால் என் பதில் மாறிவிடும். 1898 மே மாதம் ஸ்காக்வேயில் தொடங்கிய ரயில் பாதை 1899 பிப்ரவரியில் ஒயிட் பாஸ் உச்சியைத் தொட்டது, ஜூலையில் பென்னட் ஏரிக்குப் போனது, 1900-இல் யூகானில் உள்ள ஒயிட்ஹார்ஸ் ஊர் வரை நீண்டது. குதிரைகளைக் கொன்ற அதே மலையில் மனிதர்கள் பெட்டியில் உட்கார்ந்து போனார்கள். ஆனால் அதற்குள் நல்ல ஓடைகளெல்லாம் முதலில் வந்தவர்கள் பெயருக்குப் பதிவாகியிருந்தன. கூட்டமும் 1899-லேயே அலாஸ்காவின் நோம் கடற்கரைத் தங்கத்தைத் தேடிக் கலைந்துகொண்டிருந்தது.

ஸ்காக்வே இன்றும் ஊராக இருக்கிறது. ரயிலும் சுற்றுலாப் பயணிகளோடு ஓடுகிறது. டையீ காலியாகிவிட்டது. அங்கே காட்டுக்குள் ஒரு சின்ன இடுகாடு இருக்கிறது. பல கல்லறைப் பலகைகளில் ஒரே தேதி: 1898 ஏப்ரல் 3.