பன்னீர் திராட்சைக்குத் துணை நாவலா, வாழையா, அன்னாசியா?

கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவது போத்தனூரில் முறுக்குச் சுற்றுவதைப் போலத்தான். ரயில்வே வேலைக்காக வந்து தங்கிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிடமிருந்து எங்கள் தெருவுக்கும் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் எங்கள் அம்மாயி கேட்டு எழுதி வைத்த அளவை வைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை. நாலு வருடமாக 6 லிட்டர் கண்ணாடி ஜாடியில் மட்டும் போடுகிறேன். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ ஜாடி, அதற்கு மேல் கிடையாது. இந்த நாலு வருடத்தில் திராட்சையோடு எந்தப் பழத்தைச் சேர்ப்பது என்று மாற்றி மாற்றிப் பார்த்து, இப்போது நாவலில் வந்து நின்றிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதைத் தடை செய்கிறது. ஊரில் நாலு வீட்டில் போடுகிறார்கள் என்பதால் அது இல்லாமல் போய்விடாது. இறங்குகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

சரி, பழத்துக்கு வருவோம். பன்னீர் திராட்சையைத் தனியாகவே போடலாமே என்று கேட்கலாம். போடலாம். மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த வகைக்கு வாசனை அபாரம், பெயரிலேயே பன்னீர் இருக்கிறது. தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் விளைகிறது. கம்பத்திலிருந்தும் லோடு லோடாக வருகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இந்தத் திராட்சையில் துவர்ப்பு குறைவு. ஒயினாக ஆன பிறகு நாக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது, நிறமும் ரோஸாகத்தான் வருகிறது. அதனால்தான் ஒரு துணைப் பழம் தேடினேன்.

முதல் வருடம் சேர்த்தது வாழை. நம் பக்கத்தில் வாழைக்குப் பஞ்சமே இல்லை. கோபி, சத்தியமங்கலம் கதலியும் மேட்டுப்பாளையம் நேந்திரனும் கை எட்டும் விலையில் கிடைக்கும். வாழை சேர்த்தால் ஒயினுக்குக் கனம் வரும் என்று சொன்னார்கள், அது உண்மைதான். நன்றாகக் கறுத்துக் கனிந்த பழத்தைத் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, திராட்சைச் சாற்றோடு சேர்த்தேன். ஒரு மாதம் கழித்து அம்மாயி ஜாடியைப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, இது இன்னும் கஞ்சித்தண்ணியாட்டவே கெடக்குது?" என்றார். மூன்று மாதம் ஆகியும் அப்படியேதான் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கொஞ்சமாக ஒயின் போடுகிறவர்கள் ருசி, வாசனை, நிறம் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பழம் எவ்வளவு அடி மண்டி விடும் என்பது. பெரிய பீப்பாயில் போடுகிறவருக்கு மண்டியில் ரெண்டு லிட்டர் போனால் போகிறது. 6 லிட்டர் ஜாடியில் ரெண்டு லிட்டர் போனால் பாதிக் கதை முடிந்தது. அதோடு நின்றாலும் பரவாயில்லை. ஈஸ்ட் வேலை முடித்து அடியில் படிந்ததும் மேலே இருக்கும் ஒயினை வேறு பாத்திரத்துக்கு மாற்றியாக வேண்டும். செத்த ஈஸ்டின் மேல் மாதக்கணக்கில் நின்றால் வாடை வந்துவிடும். நான் மீன் தொட்டிக்கு விற்கும் பிளாஸ்டிக் டியூபைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, அதில் மெதுவாக இறக்குவேன். மண்டி கெட்டியாகப் படிந்திருந்தால் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை மாற்றினால் போதும். தளதளவென்று மிதக்கும் மண்டியாக இருந்தால் மூன்று, நாலு தடவை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒயின் குறையும். குறைந்த ஒயினை அதே ஜாடியில் வைத்தால் மேலே வெற்றிடம் பெருகும், அந்த இடத்தில் காற்று நிற்கும். அந்தக் காற்றில்தான் சாராயத்தைப் புளிக்காடியாக மாற்றும் பாக்டீரியா பிழைக்கிறது. எனவே மண்டி அதிகம் என்றால் அளவு குறைவது மட்டும் இல்லை, மிஞ்சியதும் காடியாகப் போகும் வாய்ப்பு கூடுகிறது. வாழை ஜாடியில் எனக்கு நடந்தது அதுதான். நாலு பாட்டில் எதிர்பார்த்த இடத்தில் இரண்டரை கிடைத்தது. அந்த அரை பாட்டில் பிப்ரவரிக்குள் புளித்துக் காடியாகிவிட்டது.

வாழை ஏன் அப்படி விடுகிறது என்றால், அதில் மாவுச்சத்தும் பெக்டினும் இருக்கின்றன. ஜாமை இறுகவைக்கும் அந்தப் பெக்டின்தான் ஒயினைக் கலங்கவைப்பதும். நான் வேகவைத்தது தவறுக்கு மேல் தவறு. பெக்டின் உள்ள பழத்தைக் கொதிக்கவிட்டால் அந்தக் கலங்கல் தெளியவே நாளாகும். பெக்டினை உடைக்கும் பெக்டினேஸ் என்ற நொதி ஆன்லைனில் கிடைக்கிறது. அதைப் போட்டால் வாழையும் மாம்பழமும் ஓரளவு வழிக்கு வரலாம். நான் அதைக் கொண்டு முயன்றதில்லை, ஆகவே வாழையை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். சேலத்து மாம்பழத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில்.

இப்போது நாவல். எங்கள் மாமன் தோட்டத்தில் கிணற்று மேட்டில் ஒரு நாவ மரம் நிற்கிறது. ஆனி மாதம் முழுக்கக் கீழே விழுந்து வீணாகும். மூன்றாவது வருடம் அதிலிருந்து ஒரு பை பொறுக்கி வந்து சேர்த்துப் பார்த்தேன். பத்தாம் நாள் வடிகட்டும்போதே வித்தியாசம் தெரிந்தது. நாவலுக்குத் துவர்ப்பைக் கொடுப்பது டானின் என்ற பொருள். அது சாற்றில் மிதக்கும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்காரும். அதனால் மண்டி மெல்லிசாக, அல்வாத் துண்டு போலக் கெட்டியாகப் படிந்தது. டியூப் வைத்து இறக்கும்போது கலங்கவே இல்லை. ஜாடிக்கு மூன்று லிட்டர் சொச்சம், 750 மில்லி பாட்டில் நாலு நிறைந்தது. செப்டம்பரில் பாட்டிலைச் சன்னலுக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. பன்னீருக்கு இல்லாத துவர்ப்பும் கருஞ்சிவப்பும் இதில் தானாகவே வந்துவிட்டன.

இன்னொரு வசதி காலம். நாவல் பழுப்பது ஜூன், ஜூலையில். அப்போது பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று அடித்துக் கோவை குளிர்ந்திருக்கும். கோடை வெயிலில் போட்டால் ஈஸ்ட் வெறிபிடித்தாற்போல் நாலு நாளில் பொங்கி முடித்துவிட்டு, வாசனையையும் அடித்துக்கொண்டு போய்விடும். ஆடிக் காற்றில் அது நிதானமாக வேலை செய்கிறது. டிசம்பருக்கு ஐந்து மாதமும் கையில் இருக்கிறது, தெளிய அதுவே போதும்.

நான் போடும் அளவு இது. பன்னீர் திராட்சை 2 கிலோ, நாவல் முக்கால் கிலோ, கொதித்து ஆறிய தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், சர்க்கரை 500 கிராம், ஈஸ்ட் அரை டீஸ்பூன். நாவலை ஒரு இரவு ஃபிரீசரில் வைத்து எடுத்தால் சதை தானாகவே நெகிழும், சாறும் நிறமும் நன்றாக இறங்கும். கையால் மட்டும் பிசைய வேண்டும், மிக்ஸியில் போடவே கூடாது. கொட்டை உடைந்தால் கசப்பு ஏறிவிடும். ஜாடியில் கால் பாகம் காலியாக விட வேண்டும், முதல் வாரம் நுரை பொங்கும். மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே உருவாகும் கரியமில வாயு வெளியேற வழி வேண்டும். லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும். பழத்தின் சர்க்கரையையும் சேர்த்தால் இந்த அளவுக்கு 12, 13 சதவீதம் வரும். அதற்கு மேல் சர்க்கரை கொட்டினால் சாதாரண பேக்கரி ஈஸ்ட் தாங்காது, இனிப்பு அப்படியே தங்கிவிடும்.

கோதுமையை நான் நிறுத்திவிட்டேன். அம்மாயிக்கு அதில் வருத்தம்தான். கோதுமை கனம் கொடுக்கும் என்பது சரி, ஆனால் அதன் மாவும் மண்டியாகத்தானே வந்து உட்காருகிறது. இதே காரணத்துக்காகக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையையும் ஒரு தடவையோடு விட்டேன். பணியாரத்துக்கு அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒயினில் மட்டும் மண்டியையும் கூட்டி, பன்னீர் வாசனையையும் மூடிவிடுகிறது.

நாவலுக்கு நேர் போட்டி என்று சொன்னால் அது கொல்லிமலை அன்னாசிதான். ஒரு பழத்தோடு விரல் நீள இஞ்சி தட்டிப் போட்டேன். மண்டி அவ்வளவாக இல்லை, ஆறு வாரத்திலேயே குடிக்கும் பதம் வந்துவிட்டது. நவம்பரில் ஞாபகம் வந்து கிறிஸ்துமஸுக்குள் வேண்டும் என்கிறவர்கள் தயங்காமல் இதைப் போடலாம். ஆனால் திராட்சையோடு சேர்த்தால் ரெண்டு வாசனையும் ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. தனியாகப் போடுவதே நல்லது. வைத்திருந்து குடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது ரெண்டு மாதம் தாண்டியதே இல்லை.

நெல்லிக்காயும் பேரீச்சையும் சேர்த்துப் போட்டதை உறவினர் வீட்டில் ஒரு தடவை குடித்தேன், அவ்வளவுதான். கண்ணாடி போலத் தெளிந்திருந்தது, துவர்ப்பு மட்டும் தொண்டையைப் பிடித்தது. ஒரு வருடமாவது கிடந்தால் இளகும் என்றார்கள். பொறுமை உள்ளவர்கள் பார்க்கலாம்.

நாவலிலும் எனக்குச் சரியாகப் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. முக்கால் கிலோவுக்கு மேல் ஏற்றினால் துவர்ப்பு எங்கே போய் நிற்கும் என்று பார்த்ததில்லை. போன வருடப் பாட்டில் ஒன்றைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். மாமன் தோட்டத்து நாவல் ரெண்டு பை ஃபிரீசரில் இருக்கிறது. திராட்சை வந்ததும் இந்த முறை ஒரு ஜாடிக்கு முக்கால் கிலோ, இன்னொன்றுக்கு ஒன்றேகால் கிலோ.