பினாங்கில் மூளைப் பயிற்சி: மாமா தோற்றது மவுஸிடம்

ஐசியுவில் வெண்டிலேட்டரோடு கிடந்து மீண்டவர்களுக்குக் கணினியில் ஞாபகம், கவனப் பயிற்சி தரும் வசதி பினாங்கிலும் வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால் மாமாவை உட்கார வைத்த அந்த முதல் அரை மணி நேரம் இருக்கிறதே!

பச்சை வட்டம் வந்தால் அழுத்த வேண்டும், சிவப்பு வந்தால் சும்மா இருக்க வேண்டும். விளக்கம் ஆங்கிலத்தில் வந்து மறைந்தது. மாமா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். கையிலோ மவுஸ். ஐசியுவில் நாள்கணக்கில் அசையாமல் கிடந்தால் தசை வற்றும், விரல் தாமதமாகத்தான் அழுத்தும். மென்பொருள் அதையும் 'சிந்தனை வேகம் குறைவு' என்று எழுதிவிட்டது. மூக்குக் கண்ணாடி எங்கே என்றுகூட யாரும் கேட்கவில்லை. முன்பெல்லாம் நம்ம ஊர் தாதிகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

நிறம் பார்க்காமல், வட்டம் வந்ததும் தட்டச் சொல்லி ஒரு 20 முறை கை வேகத்தை முதலில் குறித்திருக்கலாம். நிறம் பிரிக்கும்போது அதற்கு மேல் ஆகும் நேரம்தான் மூளையின் கணக்கு. மவுஸுக்குப் பதில் ஸ்பேஸ் பார் போதும். சிவப்புக்கு அழுத்தினால் கையை அடக்க முடியவில்லை என்று அர்த்தம். பச்சையைத் தவறவிட்டால் கவனம் நழுவுகிறது. பிழைகள் கடைசியில் குவிந்தால் பெரும்பாலும் களைப்பு, 30 நிமிடத்தை 15, 15 ஆகப் பிரிக்க வேண்டும். ஞாபகம், கவனம் எல்லாம் சோதிக்கும் மோகா என்ற பரிசோதனைக்குத் தமிழ் வடிவமே இருக்கிறது, எடுத்து வைத்தால் என்னவாம்?

"வயசாச்சில்ல" என்று வார்டில் சொன்னதுதான் இன்னும் எரிச்சல். 2013இல் வந்த அமெரிக்க ஆய்வில் 821 ஐசியு நோயாளிகளைத் தொடர்ந்தார்கள். ஓராண்டு கழித்துப் பரிசோதித்தவர்களில் 34 விழுக்காட்டினருக்கு, மிதமான தலைக்காயம் பட்டவர்கள் அளவுக்கு ஞாபக, சிந்தனை மதிப்பெண் இறங்கியிருந்தது. இளையவர்களுக்கும்தான். ஐசியுவில் சித்தக் குழப்பம் நீண்டவர்களுக்குப் பாதிப்பும் அதிகம். ஐசியுவை விட்டு 2-3 மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்லி இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகள் வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி 2009லேயே வந்துவிட்டது. அங்கேயும் எல்லா ஊரிலும் நடப்பதில்லை, அது வேறு கதை.

அடுத்த தடவை பயிற்சி தர வந்த தமிழ்ப் பெண் திரையை அணைத்துவிட்டு, "அங்கிள், சௌரஸ்தா மார்க்கெட் போறீங்க, 50 வெள்ளி இருக்கு" என்று பட்டியலைக் கொடுத்தார். ஒவ்வொரு சாமானுக்கும் நிறுத்தி, அடுத்தது என்ன, மீதி எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தார். இதுதான் சரி, திரையில் ஏறும் புள்ளி வீட்டு வேலைக்குத் தானாக வந்து சேராது.

போகிறவர்கள் கண்ணாடி, காது மிஷின் இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். இரவில் தூக்க மாத்திரை போடுகிறவரென்றால் முன்கூட்டியே சொல்லி, காலை 9 மணிப் பயிற்சியை மதியத்துக்கு மாற்றிக் கேளுங்கள்.