மருதானையில வாங்கின அமெரிக்க எலெக்சன் சார்ட்: சாமான் திறம், ஆனா நிறத்தை நம்பாதேங்கோ

முதல்ல விலையைச் சொல்லிப்போடுறன், வீட்டுக்கு வாற ஆக்கள் எல்லாரும் அதைத்தான் முதல்ல கேக்கினம். கடைக்கார நானா இந்த சார்ட்டுக்கு 2,000 சொன்னவர், நான் 1,000 எண்டு கேட்டனான், "சேர் இது தாளில்ல, பின்னால துணி ஒட்டியிருக்கு, தொட்டுப் பாருங்க" எண்டார், தொட்டுப் பாத்தா உண்மைதான், கடைசியில 1,400 குடுத்து வாங்கினனான். இடம் வேற எங்கையும் இல்லை, மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில வரிசையா இருக்கிற பழைய புத்தகக் கடையள். மகளுக்கு ஏ.எல் பாஸ்ட் பேப்பர் புத்தகம் தேடிப் போனது, அது கிடைக்கேல்லை, இது கிடைச்சுது.

சாமான் என்னெண்டா ஏதோ அமெரிக்கப் பள்ளிக்கூடத்துச் சுவரில தொங்கியிருக்கவேண்டிய ஒரு பெரிய சார்ட், நாலடி அகலம் மூண்டடி உயரம் வரும். 1789 இல இருந்து 1988 வரைக்கும் அங்க நடந்த 51 ஜனாதிபதி எலெக்சனுக்கும் ஒவ்வொரு குட்டி மேப் போட்டு, எந்த மாநிலத்தை ஆர் எடுத்தது எண்டு நிறம் தீட்டி, கீழ பேரும் எலக்டோரல் வோட் (சனம் போடுற வோட் இல்லை, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கின எலக்டர்மார் போடுற வோட்) எண்ணிக்கையும் போட்டிருக்கு. அச்சு திறம். இத்தினை வருசத்துக்குப் பிறகும் நிறம் மங்கேல்லை. ஒரு மூலையை மட்டும் பூச்சி அரிச்சிருக்கு, அது சுவரில மாட்டினாப் பிறகு தெரியாது.

மகள் ஏ.எல்லுக்கு அரசியல் விஞ்ஞானம் செய்யிறா, அதில அமெரிக்க யாப்பும் வருது, அதால வீட்டில "உதுக்கு ஏன் காசைக் கரியாக்கினனீங்கள்" எண்ட கேள்வி வரேல்லை. வந்திருந்தாலும் வாங்கியிருப்பன் எண்டது வேற கதை.

பிரச்சினை தொடங்கினது லெமினேட் பண்ணக் குடுத்த இடத்தில. கடை பேர் வேண்டாம், எங்கட பக்கத்துக் கடைதான், நாளைக்கும் அதே ரோட்டாலதான் நான் நடக்கோணும். பொடியன் சார்ட்டை வாங்கி மெசினுக்க அடங்கேல்லை எண்டு கீழ்ப்பக்கம் ரெண்டு அங்குலத்தை வெட்டிப்போட்டுக் குடுத்திட்டான். வீட்ட கொண்டு வந்து விரிச்சாப் பிறகுதான் தெரியுது, அந்த ரெண்டு அங்குலத்திலதான் எந்த நிறம் எந்தக் கட்சி எண்ட விளக்கம் இருந்திருக்கு. திரும்பிப் போய்க் கேட்டா வெட்டின துண்டு குப்பையோட போட்டுது அண்ணை எண்டான். என்னத்தைச் சொல்ல. அந்த சேர்விசுக்கு ஐஞ்சுக்கு ஒண்டு, அதுவும் பிளாஸ்டிக்குக்க காத்துக்குமிழி இல்லாததுக்காக.

இதால நடந்த கூத்தைக் கேளுங்கோ. மகள் 1984 மேப்பைப் பாத்திட்டு "அப்பா, றீகன் டெமோக்ரட்டோ, முழுக்க நீலமாக் கிடக்கு" எண்டு கேட்டா. இல்லைப் பிள்ளை, றீகன் ரிபப்ளிகன். சிவப்பு ரிபப்ளிகன், நீலம் டெமோக்ரட் எண்டு நாங்க இப்ப நினைக்கிறது 2000 ஆம் ஆண்டு எலெக்சனுக்குப் பிறகு நிலைச்ச வழக்கம்தான், அந்த முறை புளோரிடாவில எண்ணி எண்ணி வாரக் கணக்கா இழுபட்டு டீவீயில ஒரே அந்த மேப்தானே ஓடினது, அப்பதான் நிறம் ஒட்டினது. அதுக்கு முதல் ஒவ்வொரு டீவீக்காரனும் தன்ர பாட்டுக்குத் தீட்டினவன், 1980 இல என்பிசி றீகனுக்கு நீலம்தான் போட்டது. ஆகவே சார்ட்டில பிழையில்லை. வாங்கிறவை கவனிக்கோணும் எண்டதுக்காகச் சொல்றன், பழைய அமெரிக்க மேப் எதை வாங்கினாலும் நிற விளக்கம் இருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ, இருந்தா அதை வெட்ட விடாதேங்கோ.

சரி, இனி சாமானுக்கு வருவம். 51 மேப்பில கண்ணை இழுக்கிறது ஒரு நாலைஞ்சுதான், முழுக்க ஒரே நிறமாக் கிடக்கிறது. இங்கிலீசில லேண்ட்ஸ்லைட் விக்டரி எண்டுவினம், எங்கட பேப்பர்க்காரர் அமோக வெற்றி எண்டு போடுவினம். மண்சரிவு எண்டு மொழிபெயர்க்காதது நல்லது, அந்தச் சொல்லைக் கேட்டா எங்களுக்கு 2014 இல மண்ணுக்க புதைஞ்ச மீரியபெத்தைத் தோட்டம்தான் ஞாபகத்துக்கு வரும், அதில வெற்றி எண்டு ஒண்டும் இல்லை.

1936 மேப்பில வடகிழக்கு மூலையில ரெண்டே ரெண்டு சின்ன மாநிலம் வேற நிறம், மெயினும் வேர்மொன்டும். மிச்சம் எல்லாம் பிராங்ளின் ரூஸ்வெல்ட். எலக்டோரல் வோட் 523 க்கு 8. எதிர்த்து நிண்ட அல்ஃப் லேண்டன் கன்சாஸ் மாநில கவர்னர், தன்ர கன்சாசிலயே தோத்தவர். இந்த மேப்பைப் பாக்கேக்க சார்ட்டில இல்லாத ஒரு கதையைச் சேத்துப் பாக்கோணும். அந்த நேரம் லிட்டரரி டைஜெஸ்ட் எண்டு ஒரு பத்திரிகை, ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 23 லட்சத்துக்கு மேல பதில் எடுத்து, லேண்டன் வெல்லுவார் எண்டு அடிச்சுச் சொன்னது. அதேநேரம் கருத்துக் கணிப்பு நடத்தின கலப் எண்ட ஆள் அதில ஒரு துளிப் பேரைக் கேட்டுப்போட்டு ரூஸ்வெல்ட் எண்டார். அட்டை அனுப்பப் பத்திரிகை ஆக்களின்ர பேரை எடுத்தது டெலிபோன் புத்தகத்திலயும் கார் பதிவுப் பட்டியலிலயும் இருந்து. நாடு பஞ்சத்தில கிடந்த காலத்தில டெலிபோனும் காரும் வச்சிருந்தவன் ஆர்? அதோட அட்டையை மினக்கெட்டுத் திருப்பி அனுப்பினவையும் ரூஸ்வெல்ட்டில கோவமா இருந்தவைதான் கூட. ரெண்டு வருசத்தில பத்திரிகையும் மூடுப்பட்டுது. எங்கட ஆக்கள் ஃபேஸ்புக்கில போல் போட்டுப்போட்டு ஆர் வெல்லப்போறார் எண்டு சொல்லுற ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த அட்டைக் கதைதான் வரும்.

1972 உம் 1984 உம் இன்னும் மோசம், ரெண்டிலயும் ஐம்பதில ஒரு மாநிலம்தான் மிச்சம். 72 இல நிக்சன் 520, எதிர்த்து நிண்ட மக்கவர்னுக்கு மசச்சூசெட்சும் தலைநகர் வாசிங்டன் டீசியும் மட்டும், 17 வோட். மொத்தம் 538 எலக்டோரல் வோட்டில ஒண்டு குறையுதே எண்டு மகள் கூட்டிப் பாத்துக் கேட்டா, சரியான கெட்டிக்காரி, அந்த ஒண்டு வேர்ஜீனியாவில ஒரு எலக்டர் நிக்சனுக்குப் போடவேண்டியதை வேறொரு சின்னக் கட்சிக்காரருக்குப் போட்டது. 84 இல றீகன் 525, மொண்டேலுக்கு அவற்ற சொந்த மாநிலம் மினசோட்டாவும் டீசியும், 13. மினசோட்டாவில வித்தியாசம் 3,761 வோட். இங்க 1994 ஜனாதிபதி எலெக்சனில சந்திரிகா 62% எடுத்து 160 தொகுதியில மகியங்கனையை மட்டும் விட்டவ, ஏறக்குறைய அந்தக் கணக்கு.

இனித்தான் இந்த சார்ட்டில எனக்குள்ள பெரிய குறை. இது மாநிலத்தைத்தான் தீட்டுது, ஆக்களைத் தீட்டேல்லை. மொத்த வோட் எத்தினை வீதம் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. 84 மேப்பைப் பாக்கிற பிள்ளை முழு நாடும் றீகனுக்குப் போட்டுது எண்டுதானே நினைக்கும்? றீகனுக்கு விழுந்தது 58.8%, மொண்டேலுக்கு 40.6%. பத்துப் பேரில நாலு பேர் மொண்டேலுக்குப் போட்டிருக்கினம், மேப்பில அந்த நாலு பேரையும் காணேல்லை. ஒரு மாநிலத்தில மற்றவையை விட ஒரு வோட் கூடுதலா எடுத்தவனுக்கு அந்த மாநிலத்தின்ர எலக்டோரல் வோட் முழுக்கப் போகும், மெயினிலயும் நெப்ராஸ்காவிலயும் மட்டும் இப்ப கொஞ்சம் பிரிச்சுக் குடுக்கினம், மற்ற இடமெல்லாம் வெண்டவனுக்கு முழுக்க.

இதுக்கு வடிவான உதாரணம் 1912. சார்ட்டில டெமோக்ரட் வில்சன் 435, பாத்தாப் பெரிய அடி. ஆனா அவருக்கு விழுந்தது 42% கூட இல்லை. ரிபப்ளிகன் வீட்டுக்குள்ள சண்டை, பதவியில இருந்த டாஃப்டும், பழைய ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் தனிக்கட்சி தொடங்கியும், ரெண்டு பேரும் ஒரே வோட்டைப் பிரிச்சுக்கொண்டினம், நடுவால வில்சன் வெண்டிட்டார். டாஃப்டுக்கு மொத்தமா 8, யூட்டாவும் வேர்மொன்டும். 1980 உம் ஏறக்குறைய அப்பிடித்தான், றீகனுக்கு 489, வீதத்தில பாத்தா 50.7 தான்.

மகளுக்கு இது விளங்கேல்லை, அதெப்பிடிப் பாதிப் பேர் போட்டு இவ்வளவு வரும் எண்டு. நான் சொன்னன், பிள்ளை, அமெரிக்காவுக்கு ஏன் போவான், எங்கட 1977 ஐப் பார். யூஎன்பிக்கு விழுந்தது 51% க்குக் கிட்ட, கிடைச்சது 168 இல 140 ஆசனம், ஆறில ஐந்து. அப்ப தொகுதி முறைதானே, விகிதாசாரம் இல்லை. அந்த ஆறில ஐந்தை வச்சுத்தான் ஜே.ஆர் 78 யாப்பைக் கொண்டு வந்தவர், இண்டைக்கும் நாங்க அதுக்குள்ளதான் கிடக்கிறம். உடன விளங்கீட்டுது அவவுக்கு. பேந்து நான் பென்சிலால ஒவ்வொரு பெரிய மேப்புக்குக் கீழயும் வீதத்தை எழுதப் பாத்தன், லெமினேட்டில பென்சில் பிடிக்குமே? ஓஎச்பி பேனா வாங்கி எழுதினது, அது 180 ரூபா, கணக்கில சேருங்கோ.

வீதத்தை எழுதினாப் பிறகுதான் உண்மையான பெரிய வெற்றி எது எண்டு தெரியுது. 60 ஐத் தாண்டினது நாலு பேர்தான், 1920 இல ஹார்டிங் 60.3, 36 இல ரூஸ்வெல்ட் 60.8, 64 இல ஜோன்சன் 61.1, 72 இல நிக்சன் 60.7. ஜோன்சன்தான் உச்சம், ஆனா மேப்பில அவர் நிக்சனையும் றீகனையும் விடச் சின்னனாத் தெரியிறார், ஏனெண்டா எதிர்த்து நிண்ட ரிபப்ளிகன் கோல்ட்வோட்டர் தன்ர அரிசோனாவோட தெற்கில ஐஞ்சு மாநிலத்தை எடுத்திட்டார். அந்த வருசம் ஜூலையிலதான் டெமோக்ரட்டான ஜோன்சன் கறுப்பினத்தவருக்கான சிவில் உரிமைச் சட்டத்தில கையெழுத்து வச்சவர், அந்தக் கோவம், மிசிசிப்பியில மட்டும் கோல்ட்வோட்டருக்கு 87%. தெற்கு அதுக்கு முதல் டெமோக்ரட்டின்ர கோட்டை, சார்ட்டில மேல இருந்து கீழ விரலை வச்சு இழுத்துக்கொண்டு வந்தா அந்தக் கோட்டை உடையிற இடம் 64 எண்டு வடிவாத் தெரியும். இதுக்காகவே சார்ட்டுக்கு 1,400 தகும்.

அதே மாதிரி விரலை வச்சுப் பாத்தா இன்னொண்டும் தெரியும், பெரிசா வெண்ட சில பேர் கெதியா விழுந்தது, ஆனா இது எனக்கு ராத்திரி சோறு திண்டுகொண்டு சுவரைப் பாக்கேக்கதான் பட்டது. 1928 இல ஹூவர் 444, அடுத்த மேப்பில ரூஸ்வெல்ட் 472, ஹூவருக்கு 59. இடையில பங்குச் சந்தை விழுந்து நாடே வேலையில்லாமல் நிண்டது. ஜோன்சன் உச்சத்தில வெண்டு நாலு வருசம் போகமுதல் வியட்நாமால திரும்ப நிக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். நிக்சன் 49 மாநிலம் எடுத்தது 72 நவம்பர், ராஜினாமாக் குடுத்தது 74 ஓகஸ்ட். வாட்டர்கேட் கட்டடத்துக்க ஆக்கள் புகுந்து பிடிபட்டது எலெக்சனுக்கு முதலே, ஜூனில, எண்டாலும் சனம் போட்டது. அதுக்குப் பிறகு மசச்சூசெட்ஸ்காரர் காருக்குப் பின்னால ஸ்டிக்கர் ஒட்டினவை, என்னைக் குறை சொல்லாதேங்கோ நான் மசச்சூசெட்ஸ் எண்டு. இதை வாசிச்ச மனிசி சொன்னா, கோட்டாபய பதவியை விட்டு ஓடின 2022 ஜூலையில, 2019 இல அவரை வெல்ல விடாத வடக்கு கிழக்குக்காரரும் நுவரெலியாக்காரரும் அந்த ஸ்டிக்கரை அடிச்சு வித்திருக்கலாம் எண்டு. 2019 மேப் ஞாபகம் இருக்கிறவைக்கு விளங்கும்.

மேல் வரிசைப் பழைய மேப்புகள் பெரிசா ஒண்டும் இல்லை, வாசிங்டன் ரெண்டு முறையும் எல்லா எலக்டரின்ர வோட்டும், 1820 இல மன்றோவுக்கு எதிரா நிக்க ஆளே இல்லை, நியூ ஹாம்ப்சயரில ஒருத்தர் மட்டும் மாத்திப் போட்டவர். ஆளில்லாத மைதானத்தில கோல் அடிச்ச மாதிரி. 1864 லிங்கன் 212 க்கு 21 எண்டதும் தெற்கு பிரிஞ்சுபோய்ச் சண்டைபிடிக்கேக்க நடந்தது, அந்தத் தெற்கு மாநிலங்களை சார்ட் வெறும் வெள்ளையா விட்டிருக்கு, அது நல்ல வேலை, வேற சில புத்தகத்தில அதைக் கவனிக்காமல் தீட்டியிருப்பினம்.

1988 உடன சார்ட் முடியுது, புஷ் அப்பா, 426. பழசு எண்டு குறை சொல்ல வந்தனான், பிறகு பாத்தா அதுக்குப் பிறகு 400 ஐத் தொட்டவர் ஒருத்தரும் இல்லை. கிளிண்டன் 96 இல 379, ஒபாமா 2008 இல 365, ட்ரம்ப் 2024 இல 312, அதுவும் 50 வீதத்துக்குக் கொஞ்சம் கீழ. ட்ரம்ப் லேண்ட்ஸ்லைட் லேண்ட்ஸ்லைட் எண்டு சொல்லேக்க மகள் எழும்பிப் போய் 84 ஐக் காட்டிச் சிரிக்கிறா. மிச்ச மேப்புகளை அவவே ஏ4 தாளில கீறிப் பக்கத்தில ஒட்டத் தொடங்கியிருக்கிறா, இது வரைக்கும் 1992 முடிஞ்சுது, அதில சுயேட்சையா நிண்ட பெரோவுக்கு என்ன நிறம் எண்டு கேட்டவ, அவருக்கு ஒரு மாநிலமும் கிடைக்கேல்லை பிள்ளை, 19% சனம் போட்டும், எண்டன்.

வாங்கப் போறவைக்கு: சார்ட்டுக்கு ஐஞ்சுக்கு நாலு, கடைக்கு நாலரை. காலமை போங்கோ, பின்னேரம் போனா வெயிலுக்க நிண்டு கிண்டோணும், ஒப்பீஸ் விடுற நேரம் மருதானையில ரயில் ஏறினா நாலடி உருளையோட வெள்ளவத்தை வரைக்கும் ஆக்களிட்டப் பேச்சு வாங்கவேண்டி வரும், நான் வாங்கினனான். லெமினேட் வேண்டாம், ஃப்ரேம் போடுங்கோ. நானாட்ட இதே மாதிரி பிரிட்டிஷ் எலெக்சன் சார்ட் ஒண்டும் மடிச்சுக் கிடந்தது, விலை 2,500 எண்டார், நான் கேட்டது 1,500, "அடுத்த கிழமை வாங்க சேர், பேசுவம்" எண்டிருக்கிறார்.